முட்டத்து வீட்டில் நாம் தங்கிய நாற்பத்தொரு நாள்

மகனே,

இங்கே ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, என் முழங்கால் வலி மட்டும் போகிறதாகக் காணோம். சுகம் விசாரிப்பு இதோடு முடிந்தது. நான் இதை எழுதும்போது நீ அடுத்த அறையில் பெட்டிக்குக் கயிறு கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். திங்கட்கிழமை காலையில் வடசேரியில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போகிறவனுக்கு, சனிக்கிழமை மத்தியானமே பெட்டி கட்டியாக வேண்டும் என்ற அவசரம் உன் அப்பாவிடமிருந்து வந்தது. கயிற்றை நான் மறுபடி அவிழ்ப்பேன். உன் வேட்டிகளுக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் நீ நாலு வாக்கியம் பேசுவாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். இருபத்தொரு வருஷமாக நம் வீட்டில் அப்படித்தானே நடக்கிறது.

நேற்று சாயங்காலம் உனக்காக ஜெபம் பண்ணப் போதகர் வந்தாரல்லவா? வருமான வரிக் கச்சேரியில் குமாஸ்தா வேலை என்றதும் அவர் சிரித்துக்கொண்டே, "இனி ஊர்க்காரன் எல்லாம் ஒன்னக் கண்டா ஓடி ஒளியணும்" என்றார். அதற்கு நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எல்லாவனும் கள்ளக் கணக்குதான் எழுதிக் கொடுப்பான். எங்க அம்மையைத் தவிர" என்றாய். போதகர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். முறுக்கு எடுக்கப் போனேன் என்று நினைத்திருப்பாய். முறுக்கு கூடத்தில் உன் முன்னால்தான் இருந்தது.

கள்ளக் கணக்கு எழுதியவள் நான். எழுதிய கை உன்னுடையது. அது உனக்குப் பாதி தெரியும், மறந்துபோயிருப்பாய். மீதிப் பாதி தெரியாது, ஏனென்றால் நீ அப்போது பள்ளிக்கூட விடுதியில் இருந்தாய், நானும் ஏழு வருஷமாகச் சொல்லவில்லை. இப்போது சொல்லாவிட்டால், அந்த மேஜைக்குப் பின்னால் நீ உட்கார்ந்து, மேஜைக்கு முன்னால் நிற்கிறவர்களை எல்லாம் கள்ளர் என்று நினைத்துக்கொண்டு உன் காலத்தைக் கழிப்பாய். அதற்கு நான் காரணமாக இருக்கக்கூடாது.

முட்டத்து வீட்டை உன் அப்பா கட்டியது வாடகைக்காக அல்ல. கோட்டாற்று அரிசி மண்டியின் தூசு அவருக்கு ஆகவில்லை, இருமிக்கொண்டே இருப்பார், கடல்காற்று நல்லது என்று வைத்தியர் சொன்னார். நாலு அறையும் சுற்றி வராந்தாவுமாக, பாறைக்கு மேலே ஒரு வீடு. கட்டி முடித்த இரண்டாம் வருஷமே அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு மிஷன் அம்மாள் வந்து, கோடையில் இரண்டு மாதம் வீட்டைத் தரமுடியுமா, வாடகை தருகிறோம் என்று கேட்டாள். அவள் சொல்லி இன்னொருத்தி, பிறகு மதுரையிலிருந்து ஒரு டாக்டர் குடும்பம். கட்டில், பீங்கான் தட்டு, சிம்னி விளக்கு, கொசுவலை எல்லாம் வாங்கிப் போட்டேன். துருப்பிடித்த கீலை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், உப்புக்காற்றில் எந்த இரும்பும் நிற்காது. வெள்ளையடிக்க வேண்டும், ஓடு மாற்ற வேண்டும். ஆளில்லாத மாதங்களிலும் காவலுக்கு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சூசை. கடலில் கால் ஒடிந்து, வள்ளத்தில் போக முடியாமல் ஆனவர். மாதம் ஆறு ரூபாய்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் வரிக் கச்சேரியிலிருந்து ஒரு அச்சடித்த தாள் வந்தது. மண்டியில் அப்பாவின் பங்கு, கடை வாடகை, வேறு வாடகை எல்லாம் சேர்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கிலீஷில் இருந்ததால் விடுமுறைக்கு வந்திருந்த உன்னை உட்காரவைத்து எழுதச் சொன்னேன். உனக்குப் பதினாலு வயது. அழகான கையெழுத்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு எழுதுவாய். முட்டத்து வாடகை அந்த வருஷம் இருநூற்று நாற்பது. நூற்றைம்பது என்று எழுதச் சொன்னேன், எழுதினாய். காவல் சம்பளம் பத்து ரூபாய் என்றேன். பேனாவை நிறுத்திவிட்டு, "எம்மா, சூசைக்கு ஆறுல்லா குடுக்க?" என்று கேட்டாய். "லே, கேட்டதுக்கு எழுதுலே, வியாக்கியானம் பண்ணாத" என்றேன். எழுதினாய். வீட்டுக்காரர் தாமே தங்கிய நாள் எத்தனை என்று ஒரு வரி இருந்தது. இல்லை என்று எழுதச் சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு நாம் இரண்டு வாரம் இருந்தோம். வடசேரிச் சித்தி பிள்ளைகளோடு சிரங்குக்குக் கடல் குளிக்க வந்து பதினெட்டு நாள் இருந்தாள். போதகர் குடும்பம் ஒன்பது நாள், அவர்களிடம் வாடகை கேட்க முடியுமா? ஆக நாற்பத்தொன்று. அடுக்களைச் சுவரில் தொங்கிய காலண்டரில் வாடகைக்காரர் இருந்த நாளுக்குச் சிலுவைக்குறியும் நம் ஆட்கள் இருந்த நாளுக்கு வட்டமும் போடுவது என் வழக்கம். அந்த வட்டங்களை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இல்லை என்று சொன்னேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். புருஷன் இல்லாத வீட்டில் ஒவ்வொரு ரூபாயையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரியது, எல்லாரும் செய்கிறார்கள் என்ற தைரியம். மண்டியில் இருந்த உன் அப்பாவின் பங்காளிகள், "சர்க்காருக்கு உள்ளதை எழுதினா அவன் நம்மளப் பைத்தியம்ணு நெனப்பான்" என்று எனக்குப் பாடம் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டேன். எனக்குப் பிடித்த பாடத்தை நான் சீக்கிரம் படித்துவிடுவேன்.

மாட்டிக்கொண்டது எப்படித் தெரியுமா? என் பக்தியால். சர்க்காருக்கு நூற்றைம்பது என்று எழுதியவள், கர்த்தருக்கு முழுசாகக் கணக்குப் பார்த்தேன். அறுப்பின் பண்டிகையில் தசமபாகம் இருபத்துநாலு ரூபாய் படைத்தேன். படைத்தால் போதாதா? சபை அறிக்கைப் புத்தகத்தில் காணிக்கைப் பட்டியல் அச்சாகும்போது வெறும் பெயரும் தொகையுமாக வந்தால் ஊருக்கு என்ன தெரியும் என்று, 'முட்டம் வீட்டு வாடகையில் தசமபாகம்' என்று விவரமாகப் போடச் சொன்னேன். ஒரு விதவை, தனியாக நின்று, பங்களா வாடகையில் பத்தில் ஒன்று கொடுக்கிறாள் என்று நாலுபேர் படிக்க வேண்டும் என்று ஆசை. நாலுபேர் படித்தார்கள். ஐந்தாவதாக வரி அதிகாரி படித்தார்.

கூப்பிட்டுவிட்டார்கள். அதிகாரி வடக்கேயிருந்து வந்தவர், மலையாளம் கலந்த தமிழ். எனக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு, சபைப் புத்தகத்தை நம் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். "அம்மா, பத்தில் ஒண்ணு இருபத்திநாலு. அப்போ முழுசும் எத்தனை?" என்றார். சின்னப் பிள்ளையிடம் வாய்ப்பாடு கேட்கிற குரல். கடை வாடகையின் பாகமும் அதில் சேர்ந்திருக்கிறது, அச்சில் தப்பாக வந்துவிட்டது என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்றச் சபைப் புத்தகத்தையே பொய்யாக்கினேன். அவர் சபைப் புத்தகத்தை மூடி வைத்தார். வெள்ளையடித்தது, ஓடு மாற்றியது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். புதுக் கட்டிலின் விலை முழுவதையும் ஒரே வருஷத்துச் செலவில் எழுதக்கூடாது, கட்டில் பல வருஷம் நிற்கும் என்று சொல்லித் தந்தார். ஆளில்லாமல் பூட்டிக்கிடந்த நாட்களின் காவல் சம்பளத்தைச் சேர்க்கலாமா என்று நான் கேட்டதற்கு, "வாடகைக்காகக் காத்துக் கிடந்ததானால் சேர்க்கலாம். நீங்கள் வந்து தங்கிய நாளுக்கு மட்டும் கூடாது" என்றார். நியாயமான பேச்சுதான். கடைசியில் காவல் சம்பளத்தில் விரலை வைத்து, "பத்து ரூபாயா? அந்த ஆளைக் கொண்டுவர முடியுமா?" என்றார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கொண்டுவருகிறேன் என்றேன்.

மறுவாரம் வில்வண்டியில் முட்டத்துக்குப் போய்ச் சூசையைக் கூட்டிவந்தேன். அவர் வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தார். பொய் சொல்லு என்று நான் சொல்லவில்லை, மக்கா. இதை எழுதும்போதுகூட, நான் சொல்லவில்லை என்று எழுத என் கை முந்துகிறது பார். ராஜாக்கமங்கலம் தாண்டியதும் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு, "சூசை, சம்பளம் பத்துண்ணு எழுதியிருக்கு. நாங்க தங்கினது இல்லைண்ணும் எழுதியிருக்கு" என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "செரி எம்மா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கச்சேரியில் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். பண்ணினார். சம்பளம் எவ்வளவு என்றார்கள். "பத்து, ஏமானே." இவர்கள் வந்து தங்குவார்களா? "வருவாவ. பாத்துட்டு அண்ணைக்கே போவாவ." எழுதி வாசித்துக் காட்டிப் பெருவிரலில் மை தடவி வைக்கச் சொன்னார்கள். வெளியே வந்ததும் அந்த விரலைத் தலைத்துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அவருக்குக் காப்பியும் இட்டிலியும் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டார். நூற்றைம்பது ரூபாய்க்கே வரி போட்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன்.

நம் சபையில் பாவசங்கீர்த்தனம் கிடையாது. நேராகக் கடவுளிடமே சொல்லிக்கொள்ளலாம், அதனால் வசதியாக யாரிடமும் சொல்லாமலே இருந்துவிடலாம். சூசை கத்தோலிக்கர், சாமியாரிடம் வாயால் சொல்லியாக வேண்டும், அவருக்கு அந்த வசதி இல்லை. ஈஸ்டர் நெருங்கும்போது அவர் மனைவி நடந்தே நாகர்கோவிலுக்கு வந்து நம் பின்வாசலில் நின்றாள். மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது உனக்கு நினைவிருக்கும், நீகூட அவளுக்குக் கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்தாய். "எம்மா, நீங்களாவது அவருகிட்டச் சொல்லணும். பூசைக்குப் போவாரு, பொறத்தாலயே நிப்பாரு. பாவசங்கீர்த்தனம் செய்ய மாட்டேங்காரு, நன்மை அப்பம் வாங்க மாட்டேங்காரு. ஈஸ்டருக்குள்ள செய்யலைண்ணா பிள்ளைக்குக் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க மாட்டேன்ணு சாமியாரு சொல்லிட்டாரு. மாப்ள வீட்டுக்காரன் என்ன ஏதுண்ணு கேக்கான்." என்ன காரணம் சொல்கிறார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. ராத்திரியில கெடந்து பெருவெரலப் பாக்காரு."

அன்றே முட்டத்துக்குப் போனேன். சூசை வராந்தாவில் உட்கார்ந்து ஜன்னல் கொக்கிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வாடகைக்கு ஆட்கள் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. "போய்ச் சாமியாரிடம் சொன்னால் தீர்ந்ததே, அவர் வெளியே சொல்லமாட்டாரே" என்றேன், என்னவோ அவருடைய வேதத்தை அவருக்கே கற்றுக்கொடுக்கிறவள் மாதிரி. அவர் எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார். "பொய்ச்சத்தியம் பண்ணினேன்ணு சொன்னா எதுக்குப் பண்ணினேன்ணு கேப்பாரு. நான் காவலிருக்கது ஒரே ஒரு வீடு. அது யாரு வீடுண்ணு சாமியாருக்குத் தெரியாதா? கடலுக்குப் போகமுடியாம கெடந்தப்போ சோறு போட்ட வீடு எம்மா. ஒங்க பேரு சாமியாரு முன்னால என் வாயால வரண்டாம்." மகளின் கல்யாணம் நின்றுபோனாலும் சரி, என் பெயர் வரக்கூடாது என்கிறார். நான் அந்த மனிதனுக்கு மாதம் ஆறு ரூபாய்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், மகனே. உன் அப்பா செத்த அன்று அழுததற்குப் பிறகு அப்படி அழுதது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போனேன். இங்கிலீஷ் எழுத நீ இல்லை, தமிழில் நானே எழுதினேன். வாடகை இருநூற்று நாற்பது. சம்பளம் ஆறு. நாங்களும் எங்கள் ஆட்களும் தங்கியது நாற்பத்தொரு நாள். அந்த நாற்பத்தொரு நாளுக்குரிய சம்பளத்தையும் வெள்ளையடித்த செலவில் அந்தப் பங்கையும் நானே தள்ளிவிட்டிருந்தேன். காவல்காரர் சொன்னது அவர் சொல் அல்ல, என் சொல், அதற்குத் தண்டனை இருந்தால் எனக்கு என்று கீழே எழுதினேன். அதிகாரி இரண்டுமுறை படித்தார். பிறகு சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "அந்தக் கடற்கரையில் காவலுக்குப் பத்து ரூபாய் யாரும் கொடுக்கமாட்டார்கள், எனக்கு அன்றைக்கே தெரியும். அந்த ஆள் வந்து நின்றால் நீங்களே உண்மை சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன்."

என் கோபம் உனக்குத் தெரியுமே. "தெரிஞ்சுதான் சத்தியம் பண்ண வச்சியளா? தெரிஞ்சுதான் அவரு வெரல்ல மை தடவினியளா? பொய் சொன்னவ நான், என்னையல்லவா கேட்டிருக்கணும்?" என்று கேட்டுவிட்டேன். குமாஸ்தாக்கள் எல்லாம் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கள்ளக் கணக்கு எழுதியவளுக்கு இந்த வாய் ஆகுமா என்று நினைத்திருப்பார்கள், சரிதான். அதிகாரி கோபப்படவில்லை. சூசையின் வாக்குமூலத்தை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, உடைமைக்காரி திருத்திச் சொன்னாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு வரியும் அதற்கு மேலே அபராதமும் போட்டார். அதில் ஒரு சக்கரக் காசுகூடக் குறைக்கவில்லை.

ஓலை வாசித்தார்கள், கல்யாணம் நடந்தது. அபராதம் கட்ட வழி? அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாம் முட்டத்துக்குப் போகவில்லை, நினைவிருக்கிறதா? ஏன் போகவில்லை என்று நீ விடுதியிலிருந்து கோபமாக எழுதினாய். கூரை ஒழுகுகிறது என்று பதில் எழுதினேன். கூரை ஒழுகவில்லை. ஒரு மெட்ராஸ் ஜட்ஜியின் குடும்பம் அங்கே பண்டிகை கொண்டாடியது. உன்னிடம் சொன்ன அந்தப் பொய்க்கும் இப்போதுதான் மன்னிப்புக் கேட்கிறேன்.

சூசைக்குச் சம்பளத்தைப் பத்தாக்கினேன். அந்த வருஷத்துக்கு மீதி நாலு ரூபாய் வீதம் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுத்து, "நீரு கச்சேரியில சொன்னது இப்போ உண்மையாயிட்டு" என்றேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அவர் பணத்தை வாங்கிக்கொண்டார். "இண்ணைக்குப் பத்து எம்மா. அண்ணைக்கு ஆறுதான?" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். முன்னெல்லாம் சம்பளத்தை எண்ணாமல் மடியில் சொருகிக்கொள்வார். அதற்குப் பிறகு இந்த ஏழு வருஷமும், மாதா மாதம், என் முன்னால் ஒன்று இரண்டு என்று சத்தமாகப் பத்துவரை எண்ணித்தான் வாங்குகிறார். ஒவ்வொரு மாதமும் எனக்கு முகம் சிவக்கிறது. சிவக்கட்டும் என்று நின்று கேட்கிறேன்.

இனி அந்த வீட்டுக் கணக்கும் உன்னுடையது, என் கண்ணுக்கு எழுத்து தெரிகிறதில்லை. வருஷா வருஷம் காலண்டர் வாங்கு, வட்டத்தையும் சிலுவையையும் அன்றன்றைக்கே போடு. நீ பெண்டாட்டியோடு போய் இருக்கும் நாளுக்கும் வட்டம்தான். போதகர் வந்தாலும் வட்டம். காணிக்கை கொடு, அச்சில் போடச் சொல்லாதே. பதினாலு வயதில் நீ எழுதிய தாளின் நகலை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. அந்தக் கையை நான் கெடுத்த நாள் அது. நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி, மக்கா. நான்தான் அதட்டி அடக்கினேன்.

கச்சேரியில் என்னைப்போல ஒருத்தி ஒரு நாள் வந்து உன் முன்னால் நிற்பாள். நல்ல சேலை கட்டியிருப்பாள், வாய் நிறையப் பேசுவாள், அவள் தாளில் இருப்பது பொய் என்று உனக்குப் பார்த்ததுமே தெரியும். அவளுக்கு நாற்காலி போடு. நீங்கள் எத்தனை நாள் அந்த வீட்டில் தங்கினீர்கள் என்று கேள். அவள் மழுப்பினால் மறுபடி கேள், எவ்வளவு நேரமானாலும் அவளையே கேள். வெளியே வராந்தாவில் ஒரு மனிதர் தலைத்துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரை மட்டும் உள்ளே கூப்பிடாதே.

உன் அம்மா